பள்ளத்தை யார் கணக்கில் எழுதுவது?

கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகளை 2021-இல் மூடினார்கள். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட சூளைகள். சென்னை உயர் நீதிமன்றமும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் கேள்விமேல் கேள்வி கேட்ட பிறகு, வேறு வழியில்லாமல் மாவட்ட நிர்வாகம் போட்ட உத்தரவு அது. அன்று ஒரு தரப்பு ‘மலை தப்பிச்சது’ என்றது. இன்னொரு தரப்பு ‘ஆயிரக்கணக்கான குடும்பத்து வயித்துல அடிச்சுட்டாங்க’ என்றது. வருஷங்கள் ஓடிவிட்டன. முதல் தரப்புக்கு வேலை முடிந்த நிம்மதி. இரண்டாம் தரப்பு இப்போது பழம்பெருமை பேசத் தொடங்கியிருக்கிறது. தடாகம் கல்லு மாதிரி வருமா, தட்டுனா வெங்கலச் சத்தம் வருமே, அந்தத் தொழிலே அழிஞ்சு போச்சே என்று.

இந்த இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. தடாகத்தில் நடந்ததை ‘சட்டவிரோதச் சூளைகள் மூடப்பட்டன’ என்ற ஒற்றை வரிக்குள் அடைத்துவிட்டால், பல பத்தாண்டுகளின் நகர வரலாறு சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறது. அந்த வரலாற்றில் சூளைக்காரர்கள் மட்டும் இல்லை. கோயம்புத்தூர் என்ற ஊரே இருக்கிறது. அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. கல்லுக்கு விலை போட்டு மண்ணுக்கு விலை போடாத ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை முடிக்காமல் கடையை மட்டும் பூட்டியிருக்கிறோம் என்பதுதான் என் கட்சி.

*

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் இடம் சொல்லிவிடுகிறேன். கோவை நகருக்குள்ளிருந்து வடமேற்கே போகும் சாலைக்குத் தடாகம் ரோடு என்று பெயர். வேலாண்டிபாளையம், இடையர்பாளையம், கணுவாய் தாண்டினால் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். அங்கேதான் சோமையம்பாளையம், பன்னிமடை, நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சின்னத்தடாகம் ஆகிய ஐந்து ஊராட்சிகள். இன்னும் மேலே போனால் மாங்கரை, ஆனைகட்டி, அப்புறம் கேரளம். இந்த ரோட்டில்தான் இருபது வருஷத்துக்கு மேலாக நான் குடியிருக்கிறேன். காட்டுக்குள் இருக்கும் ஊர் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். டவுன் பஸ் போகும் புறநகர் இது. காலையில் பள்ளிக்கூட வேன்களும் மில் வண்டிகளும் ஐ.டி. கம்பெனி பேருந்துகளும் போகிற அதே ரோட்டில்தான், சூளைகள் ஓடிய காலத்தில் டிப்பர் லாரிகளும் போயின.

சுற்றி மலை, நடுவே தட்டைப் பரப்பு. எத்தனையோ ஆயிரம் வருஷமாக மழை மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து போட்ட செம்மண் அந்தப் பரப்பில் ஆழமாகப் படிந்திருந்தது. மழைத் தண்ணீரை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு அனுப்பிய மண் அது. சோளம், கடலை, வாழை எல்லாம் விளைந்த மண்.

கொங்குநாட்டில் ‘பள்ளம்’ என்றால் முதலில் ஓடை என்றுதான் அர்த்தம். குழி என்பது அடுத்த அர்த்தம். ‘பள்ளத்துல தண்ணி வந்துருச்சு’ என்று ஒரு பெரியவர் சொன்னால் மலையில் மழை பெய்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்து மலைகளில் பிறந்து நகரத்துக்குள் ஓடிவரும் சங்கனூர்ப் பள்ளம் அப்படிப்பட்ட ஓடைதான். நகரத்தின் பாதிச் சாக்கடையைச் சுமந்துகொண்டு சிங்காநல்லூர்க் குளம் வரைக்கும் போகிறது. தடாகத்துப் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பள்ளம் என்றால் முதல் அர்த்தம் குழிதான். ஒரு சொல் இப்படிப் பொருள் மாறியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ‘சூளைக்காரங்க’ என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. அந்தப் பதில் போதாது.

*

செங்கல் சூளை எப்போதும் ஊரின் விளிம்பில்தான் இருக்கும். புகையும் நெருப்பும் ஊருக்குள் ஆகாது. ஆனால் பார வண்டி தூரமும் போக முடியாது. அதனால் ஊருக்கு வெளியே, ஊருக்கு எட்டுகிற தூரத்தில். ஊர் வளரும்போது சூளை இருந்த இடத்தை ஊர் விழுங்கிவிடும், சூளை இன்னும் தள்ளிப் போகும். சென்னையில் சூளை, சூளைமேடு, மதுரையில் காளவாசல் என்ற பெயர்களில் இந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அங்கே பஸ் ஸ்டாப் இருக்கிறது, ஜவுளிக்கடை இருக்கிறது. சூளை இல்லை. நகரம் தன்னைக் கட்டிய நெருப்பைப் பெயரில் மட்டும் வைத்துக்கொள்ளும்.

தடாகத்தில் அப்படி நடக்கவில்லை. ஏனென்றால் அதற்கு மேல் தள்ளிப் போக இடமில்லை. பின்னால் மலை. முன்னால் வளர்ந்துகொண்டே வரும் கோயம்புத்தூர். 1888-இல் முதல் பஞ்சாலையைத் தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில் மேல் மில்லாகக் கட்டிக்கொண்ட ஊர் இது. அப்புறம் பம்புசெட்டு, பவுண்டரி, பொறியியல் கல்லூரிகள், கடைசியாக டைடல் பார்க். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தது. இருமடங்குக்கும் மேல். இந்த விரிவுக்குத் தேவைப்பட்ட சுவர்களுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று திட்டக் குழுமத்தில் யாராவது கேட்டார்களா? தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்குச் சிறுவாணி, பில்லூர் என்று கோப்பு இருக்கிறது. மின்சாரத்துக்குக் கோப்பு இருக்கிறது. கல்லுக்குக் கோப்பு கிடையாது. ‘மார்க்கெட்ல கிடைக்கும்’ அவ்வளவுதான். அந்த மார்க்கெட்டுக்குக் கல் கொடுத்த இடங்களில் முக்கியமானது தடாகம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எந்த நிபுணரும் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி. ஒன்பது அங்குல நீளம், நாலரை அகலம், மூன்று உயரம் உள்ள கல் ஒரு கன அடிக்குப் பதினான்கு வரும். வேர், சரளை, காயும்போது சுருக்கம், சூளையில் உடைசல் எல்லாம் கழித்துப் பன்னிரண்டு என்றே வையுங்கள். ஒரு ஏக்கர், ஓர் அடி: ஐந்து லட்சத்துச் சொச்சம் கல். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரிகள் இருபதாயிரம் கல் சொல்வார்கள். ஆக, ஒரு ஏக்கரின் மேல் அடி மண் இருபத்தைந்து வீடாகிறது.

அந்த மேல் அடியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. முப்பது அடி, நாற்பது அடி, சில இடங்களில் அதற்கும் கீழே போனார்கள். பொக்லைன் இறங்கி, டிப்பர் ஏறிவர உள்ளேயே ரோடு போட்ட குழிகள். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, அதன் வேர் வெளியே தொங்கும் செங்குத்துச் சுவர், கீழே பார்த்தால் தலை சுற்றும். அடுத்த நிலத்துக்காரர் என்ன செய்வார்? வரப்பு சரிந்துகொண்டே வரும். கிணற்றுத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் அவரும் மண்ணை விற்பார். விற்க விருப்பமில்லாதவனையும் விற்கவைப்பதுதான் பக்கத்துக் குழியின் வேலை.

*

இப்போது வாதங்களுக்கு வருவோம். மூடியதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் மூன்று வாதம் வைக்கிறார்கள். மூன்றையும் நான் டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன்.

முதல் வாதம், பாரம்பரியம். கீழடியில் செங்கல் கட்டுமானம் கிடைத்தாலும் கிடைத்தது, செங்கல் என்றாலே ஈராயிரம் வருஷப் பெருமை என்று ஆகிவிட்டது. பெருமை உண்மைதான். சாளுவன்குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட முருகன் கோயிலின் அடியில் சங்க காலத்துச் செங்கல் கட்டுமானம் இருக்கிறது. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இந்தக் கோயிலை எழுப்பினேன் என்று கல்வெட்டு வைக்கிறான் என்றால், அதுவரைக்கும் கோயில் என்றாலே செங்கல்லும் மரமும்தான் என்று அர்த்தம். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரம்பரியத்துக்கும் தடாகத்துச் சேம்பருக்கும் என்ன உறவு?

குளத்து மண்ணை எடுத்து, காலால் மிதித்து, மர அச்சில் கல் அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடுக்கி மேலே மண் பூசி விறகு வைத்துச் சுட்டது நாட்டுச் சூளை. ஒரு வீட்டுக்கு, ஒரு கோயிலுக்கு என்று போட்டு, வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கோடையில் தூர் எடுத்த குளத்துக்கும் அது நல்லது. அடுத்த மழையில் வண்டல் திரும்ப வரும். எடுப்பதும் நிரம்புவதுமாக ஒரு தாளம் அதில் இருந்தது.

சேம்பர் வேறு சாதி. அறை அறையாகச் சுற்றிக் கட்டி, நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னே உள்ள அறையில் பச்சைக்கல் காய்கிறது, பின்னே உள்ளதில் சுட்ட கல் ஆறுகிறது. அணைக்கவே வேண்டாத அடுப்பு. ஜெர்மனியின் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை வாங்கிய முறையின் வழியில் வந்தது இது. நல்ல பொறியியல், விறகைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அணையாத அடுப்புக்கு அணையாத பசி. நெருப்பு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் மண் வந்துகொண்டே இருக்க வேண்டும். மண் பிசையவும் அறுக்கவும் மிஷின் வந்த பிறகு மனிதக் காலின் வேகம் என்ற தடையும் போய்விட்டது. இதைக் கீழடியின் வாரிசு என்று சொல்வது, பஞ்சாலையைக் காட்டி எங்க பாட்டி ராட்டை நூற்றாள் என்று சொல்வது மாதிரி. ஆலை ஆலைதான். ஆலை என்றால் ஆலைக்குரிய சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். சலுகை கேட்கும்போது குடிசைத் தொழில், விற்கும்போது மட்டும் பெரிய தொழில் என்று இரண்டு வேஷம் போட முடியாது.

*

இரண்டாவது வாதம் பட்டா. சூளை வைத்திருந்த ஒருவர் என்னிடமே கேட்டார். ‘ஏனுங்க, எங்கப்பன் பாட்டன் உழுத மண்ணு. என்ற பட்டா. நான் எடுத்தா உங்களுக்கென்னங்க நட்டம்?’ கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நியாயமாகத் தோன்றும் கேள்வி. அதனால் பதிலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

சட்டப்படி முதலில். கனிமங்கள் குறித்த 1957-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் செங்கல் மண் ஒரு சிறு கனிமம். தமிழ்நாட்டுச் சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-லிருந்து இருக்கின்றன. பட்டா நிலமாகவே இருந்தாலும் கனிமம் எடுக்க ஆட்சியரின் அனுமதி வேண்டும், அரசுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும். 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதாவது, சட்டம் புதிதாக முளைத்து யாரையும் ஏமாற்றவில்லை. பலரின் வயதைவிட மூத்த சட்டம்.

சட்டம் கிடக்கட்டும். மண் பட்டாவுக்குள் இருக்கிறது, தண்ணீர் பட்டாவுக்குள் இருக்கிறதா? மலையில் பெய்த மழை சர்வே நம்பர் பார்த்து ஓடுகிறதா? ஓடையின் குறுக்கே குழி வெட்டினால் ஓடை குழிக்குள் விழும். கீழே உள்ள குளத்துக்குத் தண்ணீர் போகாது. ஐந்து ஊராட்சியின் கிணறும் ஒரே மண்ணுக்கடியில்தான் பேசிக்கொள்கின்றன. என் நிலத்தில் நான் உழுவேன் என்பது உரிமை. என் நிலத்தை நானே இல்லாமல் ஆக்குவேன், அது போகும் வழியில் உன் நிலத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு உரிமை என்று பெயர் இல்லை.

ஆனால் அந்த மனிதரிடம் நான் கேட்காத, இன்னொருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. இத்தனை சூளைகள் அனுமதியில்லாமல் ஓடியதாக நீதிமன்றம் கேட்ட பிறகுதான் தெரிந்ததா? சூளையை ஒளித்துவைக்க முடியாது. புகைபோக்கி வானத்தில் நிற்கிறது. மிஷின் ஓட மின் இணைப்பு வேண்டும், அதை யாரோ கொடுத்தார்கள், மாதாமாதம் ரீடிங் எடுத்தார்கள். லோடு லாரி சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போனது. கிராம நிர்வாக அலுவலர் வருஷாவருஷம் அடங்கல் எழுதினார். குழியின் மேல் என்ன பயிர் விளைந்ததாக எழுதினார்? இதையெல்லாம் கேட்காமல் ‘சட்டவிரோதம்’ என்று சொல்வது ஒரு தந்திரம். சட்டவிரோதம் என்ற சொல் எல்லாக் குற்றத்தையும் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வேலியைக் காக்கச் சம்பளம் வாங்கியவரை விட்டுவிடுகிறது. மூடல் உத்தரவில் சூளைகளின் பெயர் வரிசை இருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்த இருக்கைகளின் வரிசையை நான் எங்கும் பார்க்கவில்லை.

*

மூன்றாவது வாதம்தான் கனமானது: வேலை. சூளைகள் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டன. உண்மை. ஆனால் எப்படிப் போட்டன என்று பார்க்க வேண்டும்.

சூளை வேலைக்கு இந்த நாடு முழுக்க ஒரே இலக்கணம்தான், திருவள்ளூராக இருந்தாலும் தடாகமாக இருந்தாலும். முன்பணம். மழைக்காலத்தில் வேலையில்லாமல் கடனில் கிடக்கும் குடும்பத்துக்கு மேஸ்திரி வழியாக ஒரு தொகை. அதைக் கழிக்கப் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாருமாக வந்து ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் உழைக்க வேண்டும். கூலி தலைக்கு இல்லை, கல்லுக்கு. அதனால் குழந்தை ஒரு கல்லைத் திருப்பிப் போட்டாலும் அது குடும்பத்தின் கணக்கில் சேரும், குழந்தையின் வேலையாக எங்கும் பதியாது. மழை வந்து பச்சைக்கல் கரைந்தால் நஷ்டம் யாருக்கு? பெரும்பாலும் அறுத்தவருக்கே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்குப் பிறகும் முன்பணம் என்ற பெயரில் அதன் நிழல் சூளைகளில் தங்கியிருந்தது.

சூளையில் கல் சுமந்த ஓர் அம்மாவிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். தெற்குச் சீமையிலிருந்து வந்தவர். மூடினது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். ‘எங்களுக்கு என்னய்யா, அங்க மூடுனா இங்க, இங்க மூடுனா அங்க. சூளை எங்க போனாலும் சுமக்க ஆளு வேணுமுல்ல’ என்றார். அதில் கசப்புகூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் உறைத்தது. சூளை முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், மேல்முறையீடு செய்தார்கள், அவர்களுக்கு வக்கீல் இருந்தார். கட்டடம் கட்டுகிறவர்கள் கல் விலை ஏறிவிட்டது என்று சங்கம் வைத்துப் பேசினார்கள். சூளைத் தொழிலாளிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எந்தத் தரப்பும் கேட்கவில்லை. வேலை போச்சே என்று இன்று அழுகிறவர்கள், அந்த வேலை இருந்தபோது அவர்கள் பெயரை ஒரு வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தால் நான் நம்புவேன். மூடிய அன்று அந்தப் பதிவேடு இருந்திருந்தால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்விக்காவது விடை கிடைத்திருக்கும்.

*

மலை தப்பித்தது என்று நிம்மதி அடைந்த நண்பர்களிடம் வருகிறேன். அவர்களில் சிலர் உயிரைப் பணயம் வைத்துப் போராடியவர்கள், மிரட்டலைத் தாங்கியவர்கள். அவர்கள் இல்லையென்றால் குழி இன்றும் ஆழமாகிக்கொண்டிருக்கும். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: வேலை பாதிகூட முடியவில்லை.

சின்னத்தம்பி யானையை நினைத்துப் பாருங்கள். தடாகம் பக்கத்தில் ஊருக்குள் வருகிறான், பயிரை அழிக்கிறான் என்று 2019 ஜனவரியில் பிடித்து லாரியில் ஏற்றி டாப்ஸ்லிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளில் அவன் காட்டைவிட்டு இறங்கிவிட்டான். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தான். தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கினார்கள். யானை வலசைப் பாதை என்று அதன் பாட்டன் முப்பாட்டன் நடந்த இடத்தில் குழியும் சூளையும் மின்விளக்கும் இருந்தன. விறகுக்காக வெட்டிக் கொண்டுவந்த பனைமரங்களின் குருத்துச் சூளை வாசலில் கிடந்தது, யானை அதைத் தேடி வரும் என்று அங்குள்ளவர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். ஆனால் ஊரைவிட்டு வெளியேற்றும் உத்தரவு யானைக்கு 2019-இல் வந்தது. சூளைக்கு 2021-இல்தான் வந்தது. எது முதலில் நகர்த்தச் சுலபமோ அதை முதலில் நகர்த்தினோம்.

சூளை போன பிறகு நிலைமை என்ன? தேவை போகவில்லை. கோவை வீடு கட்டுவதை நிறுத்தவில்லை. ஆகவே மண் வேறு மலையடிவாரத்தைத் தேடியது. 2024-இல் பேரூர் வட்டத்து மலையோரக் கிராமங்களில் நடந்த செம்மண் கொள்ளையை உயர் நீதிமன்றம் விசாரித்து, விவகாரம் சிறப்புப் புலனாய்வுக் குழு வரைக்கும் போனது. மலை அதே மேற்குத் தொடர்ச்சி மலை. தடாகத்தில் பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தது.

‘மாற்றுக் கல் இருக்கே’ என்பார்கள். இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு முதல் அறிவிக்கை போட்டது 1999-இல். அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்று ஆரம்பித்து, 100 ஆகி, 2016-இல் 300 கிலோமீட்டர் ஆனது. அந்த வட்டத்துக்குள் மேட்டூரிலிருந்து கோவை தாராளமாக அடங்கும். விதி வந்து ஐந்து வருஷம் சேம்பர் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. காரணம் எளிது. சாம்பல் கல் செய்கிறவர் சாம்பலுக்கும் சிமெண்டுக்கும் லாரி வாடகைக்கும் காசு கொடுக்க வேண்டும். குழி வெட்டுகிறவர் மண்ணுக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஓசிப் பொருளோடு யார் போட்டி போட முடியும்? தவிர, சாம்பல் கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் போகும் எம்-சாண்டு இன்னொரு பாறையை உடைத்து வருவது. மாற்றுக் கல்லை நான் எதிர்க்கவில்லை. ஒரு மலையின் மண்ணை விட்டுவிட்டு இன்னொரு மலையின் பாறையை எடுப்பதற்குப் பசுமை என்று பெயர் வைக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

கல்லின் விலைப்பட்டியலைப் பாருங்கள். விறகு, டீசல், கூலி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, வியாபாரி கமிஷன். எல்லாம் இருக்கும். குழியை மூட ஆகும் செலவு இருக்காது. வற்றிய கிணற்றின் செலவு இருக்காது. சரிந்த வரப்பின் செலவு இருக்காது. இந்தச் செலவையெல்லாம் தடாகத்துக்காரன் கட்டினான், அதனால் கோயம்புத்தூர்க்காரனுக்குக் கல் சல்லிசாகக் கிடைத்தது. இதுதான் நடந்தது. கொள்ளை என்று சொல்வதைவிட இதை மானியம் என்று சொல்வேன். ஒரு பள்ளத்தாக்கு ஒரு மாநகரத்துக்குப் பல பத்தாண்டுகள் கொடுத்த, யாரும் அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட மானியம்.

*

அப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒன்று, குழிகளை அளந்து பொதுவில் வையுங்கள். எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு ஆழம், எத்தனை கன அடி, எந்த ஆண்டுகளில் என்று. பழைய செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. நீதிமன்றத்துக்காக எடுத்த அளவுகளும் இருக்கின்றன. அவை கோப்புக்குள் தூங்க வேண்டாம், ஐந்து ஊராட்சி அலுவலகங்களின் சுவரில் தமிழில் தொங்கட்டும்.

இரண்டு, அந்தக் குழிகளில் குப்பையையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி ‘நிரப்பிவிட்டோம்’ என்று சொல்லாதீர்கள். நகரம் கல்லாக எடுத்ததைக் கழிவாகத் திருப்பிக் கொடுப்பது நாணயம் இல்லை. சரிவான கரை வெட்டி, ஓடைகளைப் பழைய தடத்துக்குத் திருப்பி, எந்தக் குழி நீர்நிலையாகலாம், எதை வேலி போட்டு மூட வேண்டும் என்று மண்ணும் நீரும் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். குழந்தையும் யானையும் விழாமல் இருக்க வேலி மட்டுமாவது நாளைக்கே போடலாம்.

மூன்று, இழப்பீட்டுத் தொகை எவ்வளவு வசூலானாலும் அது இந்தப் பள்ளத்தாக்கிலேயே செலவாகட்டும். சென்னையில் ஒரு கணக்கில் போய் விழுந்தால் அந்தப் பணமும் இங்கிருந்து வெட்டி எடுத்த மண் மாதிரிதான். அதில் ஒரு பங்கு சூளைத் தொழிலாளிகளுக்கு. பதிவேடு இல்லை என்று சொல்லாதீர்கள். எந்தக் குடும்பம் எந்தச் சூளையில் எத்தனை வருஷம் இருந்தது என்று மேஸ்திரிகளுக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும்.

நான்கு, செங்கல் மண்ணுக்கு நிஜமான விலை வையுங்கள். குழியைச் சீர்ப்படுத்தும் பணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டாமல் ஒரு லோடுகூட எடுக்க முடியாது என்று ஆக்குங்கள். கல் விலை ஏறும். ஏறட்டும். குளங்களைத் தூர் வாரும்போது கிடைக்கும் மண்ணில் குயவர்களும் சிறிய சூளைக்காரர்களும் தொழில் செய்ய வழியிருக்கிறது. பழைய கட்டடம் இடிக்கும்போது முழுக்கல்லைப் பிரித்தெடுத்து விற்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். மண் ஓசியாகக் கிடைக்கும் வரைக்கும் இவர்களில் யாராலும் தலைதூக்க முடியாது.

ஐந்து, அந்தந்தக் காலத்தில் அந்தந்த இருக்கையில் இருந்தவர்கள் யார் என்று விசாரியுங்கள். பழிவாங்க இல்லை. இன்றைக்கு வேறொரு மலையடிவாரத்தில் அதே இருக்கையில் உட்கார்ந்து, டிப்பர் போகும் சத்தம் கேட்காத மாதிரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பவருக்குத் தெரிய வேண்டும், என்றைக்காவது ஒருநாள் கேட்பார்கள் என்று.

தடாகம் என்றால் குளம். மழைக்காலத்தில் பெரிய குழிகளில் தண்ணீர் நிற்கிறது. செக்கச்செவேல் என்று, ஆழம் தெரியாமல். அதைப் பார்த்து, ‘நல்ல வேளை, ஏரி மாதிரி ஆயிருச்சு பாருங்க’ என்று ஒரு அதிகாரி சொன்னதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: ஏரிக்குக் கரை இருக்கும், மதகு இருக்கும், அதற்குக் காவலாக ஒரு அய்யனாராவது இருப்பார். இதற்கு ஒன்றும் இல்லை. இது எங்கள் ஊரிடம் நகரம் வாங்கிய கடன். வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, அசலையாவது பேசத் தொடங்குங்கள்.